எடைமேடைக்காரரின் எண்பது கிலோ

அன்றைக்குக் காலையில் எடைமேடை அறுபது என்று காட்டியது.

முத்திரை கீழே இறங்கினார். டிரைவர்கள் பார்ப்பதற்காகக் கம்பத்தில் மாட்டியிருந்த பெரிய எண்பலகையில் ஐந்து சிவப்புப் பூஜ்யங்கள் வந்து நின்றன. மறுபடி ஏறினார். அறுபது. நடுவில் நின்று பார்த்தார், ஓரத்தில் நின்று பார்த்தார், ஒரு குதி குதித்தும் பார்த்தார். கேட்டுக்கு வெளியே சரக்கோடு காத்திருந்த லாரிக்காரன் ஹாரனை அழுத்திவிட்டு, "முத்திரையண்ணே, ஆட்டம் முடிஞ்சா என் வண்டியையும் கொஞ்சம் பாருங்க!" என்றான்.

"போடா, மெஷின் புட்டுக்கிச்சு" என்றார் முத்திரை.

அவருக்கு அப்பா வைத்த பேர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் மட்டும் சௌக்கியமாக இருக்கிறது. லாரிக்காரர்களுக்கு அவர் முத்திரைதான். எந்தத் தராசைக் கண்டாலும் குனிந்து அதன் அடியைப் பார்ப்பார். "முத்திரை எங்க? இந்த வருஷத்து முத்திரை எங்க?" காய்கறிக்காரியிடம் கேட்பார், கறிக்கடையில் கேட்பார், பச்சைக் குழந்தையை நிறுத்துப் பார்க்கும் நர்ஸம்மாவிடம்கூடக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். இருபத்தாறு வருஷமாக அவர் உட்கார்ந்திருக்கிற எடைமேடைக்கு, வருஷம் தவறாமல் அதிகாரி வந்து சோதித்து ஈய முத்திரை வைத்துவிட்டுப் போவார். உட்கார்ந்திருக்கிற என்று சொன்னது தப்பு. அந்த மனுஷன் எங்கே உட்கார்ந்தார்? அறையில் இருக்கிற நாற்காலி இன்னும் புதுசு கலையாமல் இருக்கிறது. லாரி வந்தால் ஜன்னல், லாரி போனால் கேட், இரண்டுக்கும் நடுவே பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டு நடை. கால் சும்மா இருந்தால் கை ஆடும், கை சும்மா இருந்தால் வாய் ஆடும்.

அவர் தன்னை நிறுத்துப் பார்ப்பது வருஷத்துக்கு ஒரே நாள்தான். மூட்டு டாக்டரிடம் போவதற்கு முதல் நாள். எட்டு வருஷமாக எண்பது. ஒரு வருஷம்கூட ஒரு கிலோ ஏறியதுமில்லை, இறங்கியதுமில்லை. அதில் அவருக்கு ஒரு பெருமை வேறு. இப்போது பார்த்தால் அறுபது. ஒரே வருஷத்தில் இருபது கிலோ எங்கே போகும்? மெக்கானிக்குக்குப் போன் போட்டு, "உடனே கிளம்பி வா, படிக்கல்லை எல்லாம் எடுத்துக்கிட்டு வா" என்று கத்தினார். மெக்கானிக் வர மத்தியானம் ஆகும் என்றான். மத்தியானம் வரைக்கும் முத்திரைக்கு இருப்புக் கொள்ளவில்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் நடந்ததைச் சொன்னால்தான் இந்த எண்பதின் கதை விளங்கும். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது. ஒரு நாள் காலையில் எழுந்தால் இரண்டு கையும் மூடினபடி இருந்தன. விரல் கணுக்கள் வீங்கி, சுடச்சுட வலித்தன. விரித்து நிமிர்த்த ஒன்றரை மணி நேரம் ஆனது. அடுத்த நாளும் அப்படியே. எடைச்சீட்டைக் கிழிக்க முடியவில்லை, டிரைவர்களே ஜன்னலுக்குள் கையை விட்டுக் கிழித்துக்கொண்டு போனார்கள். சட்டைப் பொத்தானை மனைவி போட்டுவிட்டாள். வலி மாத்திரையைக் கடலை மாதிரி முழுங்கி வயிறு புண்ணானதுதான் மிச்சம்.

மூட்டு டாக்டரம்மா பொறுமையான ஆள். "வலி மாத்திரை வலியை மட்டும்தான் மறைக்கும். உள்ள மூட்டு அரிச்சுக்கிட்டேதான் இருக்கும்" என்றார். "உங்க உடம்புல காவலுக்குன்னு இருக்கிற படை, ஆள் தெரியாம உங்க மூட்டையே எதிரின்னு நினைச்சு அடிக்குது. நான் தர்ற மருந்து அந்தப் படையை அடக்குற மருந்து. நோயோட போக்கையே மாத்தும். ஆனா வேலை செய்ய ரெண்டு மூணு மாசம் ஆகும்."

"ரெண்டு மூணு மாசமா? லாரி ஏறினா மூணு செகண்டுல நம்பர் நிக்குது டாக்டரம்மா!"

"நீங்க லாரி இல்லையே" என்றார் அவர்.

முதலில் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடுகிற மெத்தோட்ரெக்ஸேட் கொடுத்துப் பார்த்தார். அது ஈரலோடு சண்டைக்குப் போனது. ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்ததும் நிறுத்திவிட்டு, ஹைட்ராக்ஸிகுளோரோகுயினுக்கு மாற்றினார். "இது மெதுவான மருந்து, சாதுவான மருந்து. ஒரே ஒரு விஷயம். இது உடம்பு எடையைப் பார்த்துக் கொடுக்க வேண்டியது. ஒரு நாளைக்குக் கிலோவுக்கு அஞ்சு மில்லிகிராம். அதுக்கு மேல போனா வருஷக்கணக்குல கண்ணுக்குள்ள போய்ப் படிஞ்சுக்கும். விழித்திரை கெட்டுப்போகும். அதனால கண் ஆஸ்பத்திரியிலயும் காட்டணும். சரி, அந்தத் தராசுல ஏறுங்க."

மூலையில் நின்ற தராசை முத்திரை குனிந்து பார்த்தார். அடியில் ஒன்றும் இல்லை. "முத்திரையே இல்லையே! இதுல ஏறி என்ன பிரயோஜனம்? நான் எண்பது கிலோ, எழுதிக்கங்க. நேத்துதான் பார்த்தேன். அறுபது டன் எடைமேடை, அரசாங்க முத்திரை" என்றார். வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். டாக்டரம்மா சிரித்துவிட்டு எண்பது என்று எழுதினார். எண்பதை ஐந்தால் பெருக்கினால் நானூறு. இருநூறு இருநூறாக, தினம் இரண்டு மாத்திரை.

பதினோராவது வாரம் ஒரு காலையில், பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் கவனித்தார். கை விரிந்திருந்தது. அது பாட்டுக்கு விரிந்து பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு முதல் லாரியின் சீட்டை ஒரே இழுப்பில் கிழித்து நீட்டினார். இந்த ஆள் எதற்கு அழுகிறார் என்று அந்த டிரைவருக்குப் புரியவில்லை. முத்திரைக்கு அந்த மாத்திரைமேல் அன்றிலிருந்து ஒரு பக்தியே வந்துவிட்டது. ஒரு நாள் விட்டதில்லை.

கண் ஆஸ்பத்திரிக்கும் போனார், முதல் வருஷம். கண்ணில் சொட்டு மருந்தை விட்டு அரை நாள் உட்கார வைத்துவிட்டார்கள். அரை நாள்! அவரால் ஆகிற காரியமா? அடுத்த வருஷத்திலிருந்து டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்திலிருந்த மூக்குக் கண்ணாடிக் கடையில் ஏறி, எழுத்து அட்டையைக் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று வாசித்துவிட்டு வந்துவிடுவார். "கண்ணு காட்டிட்டீங்களா?" "காட்டியாச்சு டாக்டரம்மா, பிரமாதம்." டாக்டரம்மா தன் அட்டையில் சரி என்று ஒரு டிக் போடுவார். ஊர்த் தராசுக்கெல்லாம் முத்திரை கேட்கிற மனுஷன், தன் விஷயத்தில் வாய்ச்சொல்லாலேயே எட்டு வருஷம் ஓட்டிவிட்டார்.

மத்தியானம் மெக்கானிக் வந்தான். இருபது கிலோ படிக்கல் இருபது. நாலு மூலையிலும் மாற்றி மாற்றி அடுக்கினான். நானூறு, நானூறு, நானூறு, நானூறு. ஒரு இம்மி பிசகவில்லை.

"மெஷின் கும்முன்னு இருக்குண்ணே. உங்களுக்குத்தான் ஏதோ ஆகிப்போச்சு" என்றான். "போன மாசமும் இப்படித்தான் படுத்தி எடுத்தீங்க. நம்பர் பக்கத்துல நம்பர் மங்குது, பலகையை மாத்துன்னீங்க. மாத்திக் கொடுத்தேன். கழட்டின பலகையைக் கடையில மாட்டிப் பார்த்தேன். ஒரு குறை இல்லை. அஞ்சு நம்பரும் பளிச்சுன்னு எரியுது."

"அப்போ மங்குச்சுடா."

"இப்போ புதுப் பலகை எப்படி இருக்கு?"

முத்திரை பலகையை நிமிர்ந்து பார்த்தார். புதுப் பலகையிலும் அப்படித்தான் இருந்தது. நடு எண்ணை உற்றுப் பார்த்தால் அதற்கு அடுத்த எண் லேசாகக் கரைந்தது. வயரிங் கோளாறு என்று நினைத்து, அடுத்த தடவை சொல்லலாம் என்று விட்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துப் பழைய பித்தளைக் கடைக்காரர் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். முழுக்கப் பழைய குழாய்த் திருகுகள். மேடைமேல் தொப்பென்று போட்டுவிட்டு, "ஒரு சீட்டு கொடுங்க, சீக்கிரம்" என்றார்.

முத்திரைக்கு வந்ததே கோபம். எதன்மேலாவது இறக்கிவைக்கக் காத்துக்கொண்டிருந்த கோபம். "எழுத்துத் தெரியாதா உங்களுக்கு? அந்தத் தகட்டைப் படிங்க! குறைஞ்சபட்சம் நானூறு கிலோன்னு போட்டிருக்கு பாருங்க. இது இருபது இருபதா தாவுற மெஷின். நானூறுக்குக் கீழ எதை வெச்சாலும் அது காட்டுறது எடை இல்லய்யா, ஜோசியம்! எழுபத்தொண்ணுக்கும் எண்பதுன்னு காட்டும், எண்பத்தொம்பதுக்கும் எண்பதுன்னு காட்டும். லாரியை நிறுத்துறதுல மூட்டையைப் போட்டா..."

படிக்கல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தான். "அப்போ நீங்க மட்டும் எப்படிண்ணே ஏறி நின்னு எண்பது கிலோன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தீங்க?"

பித்தளைக்காரரும் சிரித்தார். முத்திரை சிரிக்கவில்லை. இந்த வசனத்தை இருபத்தாறு வருஷமாக ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறார். ஆட்டுக்குட்டியைக் கொண்டுவந்தவனிடம் சொல்லியிருக்கிறார், கல்யாணமான புதிதில் ஆசையாக ஏறி நின்ற மனைவியிடம்கூடச் சொல்லியிருக்கிறார். தன்னிடம் மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை. இடுப்பு பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். ஆணியால் அடித்துப் போட்ட புது ஓட்டைகள் நாலு இருந்தன. தோல் நீளுது, சனியன் பிடிச்ச தோல் என்று ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு தரம் சொல்லியிருந்தார்.

"கேட்டைப் பார்த்துக்க" என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

மனைவிக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கிற பார்சல் ஆபீஸில் வேலை. அவள் மேஜைக்குப் பக்கத்தில் பெட்டி நிறுக்கிற தராசு இருந்தது. அதை அவர் பொம்மைத் தராசு என்பார். அவள் எத்தனையோ தடவை, "ஏறித்தான் பாருங்களேன், ஆள் இளைச்சுக்கிட்டே போறீங்க" என்று கெஞ்சியிருக்கிறாள். இப்போது எதுவும் பேசாமல் வந்து விறுவிறுவென்று ஏறி நின்றவரைப் பார்த்து அவளுக்குத் திக்கென்றது.

"என்னங்க ஆச்சு?"

"எவ்வளவு காட்டுது?"

"பூட்ஸைக் கழட்டுங்க மொதல்ல. அந்தச் சாவிக்கொத்தை இப்படிக் கொடுங்க. டார்ச்சு எதுக்குப் பகல்ல? கொடுங்க." எல்லாவற்றையும் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். லாரிக்காரர்களுக்குக் காலி வண்டி எடையைக் கழிக்காமல் ஒரு சீட்டுக் கொடுத்தறியாத மனுஷன், எட்டு வருஷமும் பூட்ஸோடும் சாவிக்கொத்தோடும்தான் மேடைமேல் ஏறியிருக்கிறார். "அறுபத்தொண்ணு, நானூறு கிராம்" என்றாள்.

முத்திரை இறங்கவில்லை. தராசின் மேலேயே நின்றுகொண்டு கணக்குப் போட்டார். அறுபத்தொன்றே சொச்சத்தை ஐந்தால் பெருக்கினால் முந்நூற்றேழு. தின்றது நானூறு. தொண்ணூற்று மூன்று அதிகம். நூற்றுக்கு முப்பது ஓவர்லோடு. முப்பது ஓவர்லோடு ஏற்றின லாரியைக் கேட்டைத் தாண்டவிடாமல் அவர் எத்தனை தடவை மல்லுக்கு நின்றிருக்கிறார்! "லாரி தாங்கும்டா, ரோடு தாங்காது" என்பார். ஒரு லோடு, இரண்டு லோடில் ரோடு ஒன்றும் ஆகாது. தினம் தினம் போனால்தான் பிளக்கும். மேடை எண்பது எண்பது என்று காட்டிக்கொண்டிருந்த வருஷங்களில் எப்போது ஆள் எண்பதிலிருந்து இறங்கினாரோ, அன்றையிலிருந்து தினம் தினம் போயிருக்கிறது.

"பலகையில நம்பர் கரையுது" என்றார் மனைவியிடம். "பலகை நல்லாத்தான் இருக்குதாம். எனக்குத்தான் தெரியலை. பயமா இருக்குடி."

அவள் பூட்ஸைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்து இறக்கினாள்.

மறுநாள் மூட்டு டாக்டரம்மாவின் மூலைத் தராசில் முத்திரை கேட்காமல் ஏறினார். டாக்டரம்மா பழைய அட்டையை எடுத்து எட்டு எண்பதுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "என் மேலயும் தப்பு இருக்கு. நீங்க சொன்னதைக் கேட்டு எழுதிட்டேன். உங்களைப் பிடிச்சு நிக்க வெச்சிருக்கணும்" என்றார். அவர் சத்தம் போட்டிருந்தால் முத்திரைக்குத் தெம்பாக இருந்திருக்கும், பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பார். டாக்டரம்மா அன்றைக்கே அவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அங்கே ஓர் இருட்டறையில் வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். கையில் ஒரு பொத்தான். நடுப் புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் அங்கங்கே வெளிச்சம் மினுக்கும். தெரிந்தால் அழுத்த வேண்டும். அவ்வளவுதான். பத்து நிமிஷ வேலை. ஆனால் முத்திரை எப்போது ஒரு பொத்தான் கையில் கிடைத்தும் சும்மா இருந்திருக்கிறார்? இரண்டு மினுக்கலுக்குள் தாளம் பிடித்துக்கொண்டார். டக், டக், டக்.

"ஐயா, நிறுத்துங்க" என்றாள் பரிசோதிக்கிற பெண். "வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடியே அமுத்துறீங்க. இப்படிப் பண்ணினா எல்லாம் தெரியுதுன்னுதான் மெஷின் எழுதும். பொய்யா எழுதும்."

எல்லாம் தெரிகிறது என்று எழுதும்! ஒரு நிமிஷம் அவருக்கு அந்த ஆசை வந்ததென்னவோ உண்மை. இப்படியே தாளம் போட்டுவிட்டுப் போனால் கண் நன்றாக இருக்கிறதென்று காகிதம் வரும், கையை விரித்துக் கொடுத்த மாத்திரையும் கையிலேயே இருக்கும். பிறகு எட்டு எண்பதுகளை நினைத்தார். "மொதல்லேருந்து வெய்யிம்மா" என்றார்.

இரண்டாவது தடவை அசையாமல் இருந்தார். வெளிச்சம், அழுத்தினார். வெளிச்சம், அழுத்தினார். அப்புறம் ஒன்றுமில்லை. இன்னும் ஒன்றுமில்லை. வெளிச்சம் வரவில்லையா, வந்து தனக்குத் தெரியவில்லையா? எடைமேடையில் பூஜ்யம் என்றால் பூஜ்யம். இங்கே ஒன்றும் தெரியாததற்கு என்ன அர்த்தம் என்று யாரைக் கேட்பது? கட்டைவிரல் துடித்தது. தொடை ஆடியது. பனியன் நனைந்து முதுகில் ஒட்டியது. ஐம்பத்து மூன்று வருஷ வாழ்க்கையில் இத்தனை கஷ்டப்பட்டு அவர் எதற்கும் சும்மா இருந்ததில்லை.

கண் டாக்டர் படத்தைக் காட்டினார். "ரெண்டு கண்ணுலயும் நடுவுக்குக் கொஞ்சம் பக்கத்துல ரெண்டு ரெண்டு இடம் தெரியலை. மொத்தம் நாலு. மாத்திரையை இன்னைக்கே நிறுத்திடுங்க."

"நிறுத்தினா சரியாயிடுமா?"

"போனது வராது. இந்த மருந்து கண்ணுல இருக்கிற கருநிறத்துல ஒட்டிக்கும். நிறுத்தினாலும் உடம்பை விட்டு இறங்க மாசக்கணக்கு ஆகும். அதுக்குள்ள இந்த நாலு அஞ்சாகலாம், பத்தாகலாம். இப்படியேயும் நிக்கலாம். மூணு மாசம் கழிச்சுப் பார்த்தாத்தான் தெரியும்."

"இன்னும் எவ்வளவு உள்ள இருக்குன்னு நிறுத்துப் பார்க்க முடியாதா டாக்டர்?" என்று கேட்டார் முத்திரை. கேட்டவிதத்தில் டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணுக்குள்ளே கிடப்பதை நிறுக்கத் தராசு கிடையாது என்றார்.

அந்த மூன்று மாதம் வீட்டிலும் எடைமேடையிலும் யாருக்கும் நிம்மதியில்லை. டாக்டரம்மா சல்ஃபாசாலசின் கொடுத்தார். வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிற மருந்து, அதுவும் மெதுவான ஜாதிதான். முதல் வாரம் சிறுநீர் ஆரஞ்சாகப் போனதைப் பார்த்துவிட்டு, "செத்தேன்!" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தார். "டாக்டரம்மா அன்னைக்கே சொன்னாங்க. காதுல வாங்கினாத்தானே!" என்றாள் மனைவி. பழைய மருந்து இறங்க இறங்கக் காலையில் கை மறுபடி மூட ஆரம்பித்தது. எட்டு வருஷத்துக்குப் பிறகு அவள் அவர் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

தினமும் காலையில், முதல் லாரி வருவதற்கு முன்னால், வெறும் மேடைக்கு எதிரே போய் நிற்பார். பலகையில் ஐந்து பூஜ்யம். நடுப் பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டு மற்ற நாலையும் தேடுவார். ஒரு கண்ணை மூடித் தேடுவார், மறு கண்ணை மூடித் தேடுவார். ஒரு நாள் எல்லாம் இருப்பது போலிருக்கும், டீயை ருசித்துக் குடிப்பார். மறுநாள் ஒன்றைக் காணாதது போலிருக்கும், யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டார். "அண்ணே, காலங்காத்தால பலகைக்குக் கண்ணடிக்கிறீங்களா?" என்று ஒரு டிரைவர் கேட்டான். வழக்கமாக இருந்தால் அவன் பரம்பரையையே இழுத்திருப்பார். அன்றைக்கு "ஆமாடா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மூன்று மாதம் முடிந்த அன்று மனைவியும் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தாள். இருட்டறை வாசலில் பேரைக் கூப்பிட்டதும் அவர் பூட்ஸைக் கழற்றினார். சாவிக்கொத்தையும் டார்ச்சையும் எடுத்து அவளிடம் கொடுத்தார். சட்டைப் பையிலிருந்த பேனாவையும் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனார். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டாள்.

அதே கிண்ணம், அதே நடுப் புள்ளி. வெளிச்சம் வந்தபோது வீங்கின கட்டைவிரலால் அழுத்தினார். வராதபோது காத்திருந்தார். வராமலே இருந்தபோதும் காத்திருந்தார்.

"ஒரு தடவைகூடச் சும்மா அமுத்தலை ஐயா" என்றாள் அந்தப் பெண், மெஷினிலிருந்து காகிதத்தை உருவிக்கொண்டே.

"எத்தனை?"

"அதை டாக்டர்தான்..."

"எத்தனைம்மா?"

அவள் பழைய காகிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். "நாலு. அதே நாலு இடம்தான். கூடலை."

முத்திரை வெளியே வந்தார். மனைவி பெஞ்சில் மடியில் பூட்ஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கால் ஆடவில்லை, கை எதையும் தட்டவில்லை. என்ன ஆச்சு என்று கேட்கவே அவளுக்குப் பயமாகிவிட்டது.

"அதே நாலுதான்" என்றார். சொல்லும்போதே குரல் உடைந்து அழுதுவிட்டார்.

அவளும் அழுதாள். முந்தானையால் தன் முகத்தைத் துடைத்து, அவர் முகத்தையும் துடைத்தாள். அப்புறம் குனிந்து, சரியாக விரியாத அந்தக் கைகளுக்குப் பதிலாகத் தானே அவர் பூட்ஸ் கயிற்றைக் கட்ட ஆரம்பித்தாள்.

"கண்ணு காட்டுறதுக்கு எதுக்குங்க பூட்ஸைக் கழட்டினீங்க?" என்றாள். "இது எடை பார்க்கிற இடமா?"